ஹெல்மெட் தலைக்கா, போலீஸுக்கா?

நம்ம பசங்க ஒரு பைக் வாங்குறதுக்கு முன்னாடி பண்ற ஆராய்ச்சியில பாதியை ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குப் பண்ணியிருந்தா, டிபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் ஆளுக்கொரு பேப்பர் வந்திருக்கும். எத்தனை சிசி, என்ன மைலேஜ், எந்தக் கலர், இ.எம்.ஐ. எவ்வளவு... யூடியூப்ல இருபது ரிவ்யூ, வீட்டுல ஆறு மாசக் கெஞ்சல். கடைசியில வண்டி வருது. சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், ஷோரூம் வாசல்லயே ஸ்டேட்டஸ். ஹெல்மெட்டைப் பத்திக் கேட்டா, "அதுக்கென்னடே, ரோட்டோரத்துல முந்நூறு ரூவாய்க்குத் தொங்குது, போற வழியில ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று பதில் வரும்.

வண்டிக்கு ஆறு மாசம் யோசிச்சவன் தலைக்கு ஆறு நிமிஷம்கூட யோசிக்கல. இது சோம்பேறித்தனம் இல்ல. ஹெல்மெட்டை நாம எதுக்காக வாங்குறோம் என்பதில்தான் சிக்கல். வள்ளியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போலீஸ் நின்னா மாட்டிக்கிற ஒரு பொருளா அதைப் பார்க்குறோம். போலீஸ் கண்ணுக்கு வாங்குறதுன்னா முந்நூறு ரூபாய் ஹெல்மெட் போதும்தான். அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா தலைக்குன்னு வாங்கப் போனா, கடையில கேக்குற கேள்வியே மாறிடும். "எந்தக் கம்பெனி, என்ன விலை" என்பதுக்கு முன்னாடி, "இது என் தலைக்குச் சரியா உட்காருதா, இதைத் தினமும் பட்டை மாட்டிப் போடுவேனா" என்பது முதல் கேள்வியா வரும். புதுசா வண்டி எடுக்கிற ஜூனியர்ஸுக்கு நான் சொல்ல விரும்புறது அவ்வளவுதான். மீதி எல்லாம் அதுக்கான காரணங்கள்.

போலீஸுக்கு வாங்கிப் பழகுன கதை

தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவிச்சது ஒரு தடவை இல்ல. 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாள் போட்டோம், அப்புறம் மறந்தோம். 2015 ஜூன் மாசம் சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி என்.கிருபாகரன் ஒரு உத்தரவு போட்டார்: ஜூலை 1 முதல் எல்லாரும் ஹெல்மெட் போடணும், போடலன்னா வண்டி ஆவணங்களைப் பறிமுதல் பண்ணணும், ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் அதை வாங்கின ரசீதும் காட்டினால்தான் திருப்பிக் கொடுக்கணும். அந்த ஜூன் கடைசி வாரத்தை நம்ம அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்க. ஹெல்மெட் கடைகள்ல கூட்டம், விலை எகிறுது, சைஸாவது ஒண்ணாவது, கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. 2022 அக்டோபர்ல அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் ஆச்சு.

சட்டம் தேவையில்லைன்னு நான் சொல்லல. சட்டம் இல்லாட்டி நம்மில் பாதிப்பேர் ஹெல்மெட்டைத் தொட்டே இருக்க மாட்டோம். ஆனா அபராதத்துக்குப் பயந்து வாங்கின பொருள் எங்க இருக்கும்? பெட்ரோல் டேங்க் மேல இருக்கும், கை முட்டியில மாட்டியிருக்கும், கண்ணாடியில தொங்கும். தலையில இருந்தாலும் பட்டை காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. விபத்துல காயத்திலிருந்து காக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க வடிவமும் பொருளும் கட்டமைப்பும் இருக்கணும், தலையோட பட்டையால இறுக்கிக் கட்டியிருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சட்டப்படியே அதுக்குப் பேர் ஹெல்மெட். பட்டை மாட்டாம போறது சட்டத்தின் கண்ணுக்கு ஹெல்மெட் போடாம போறது மாதிரிதான். 194டி பிரிவுல ஆயிரம் ரூபாயோட மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பும் இருக்கு.

உள்ளே இருக்கிற தெர்மாகோல்

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். ஆகவே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஹெல்மெட்னா வெளியில இருக்கிற கெட்டியான ஓடுதான் காப்பாத்துதுன்னு பலரும் நினைக்கிறாங்க. அதான் கடையில போய் விரலால தட்டிப் பாக்குறோம், கனமா இருந்தா "ஸ்ட்ராங்" என்கிறோம். ஓட்டுக்கு வேலை உண்டு: அடியை ஒரே இடத்துல விழவிடாம பரப்பும், கூரான கல் உள்ளே இறங்காம தடுக்கும். ஆனா மூளையைக் காப்பாத்துற முக்கிய வேலையை உள்ளே இருக்கிற தெர்மாகோல் அடுக்குதான் பண்ணுது. டிவி பெட்டியில வர்ற அதே பாலிஸ்டைரீன் குடும்பம்தான், இன்னும் அடர்த்தியா அழுத்திச் செஞ்சது. அது நசுங்குறதுதான் அதோட வேலை.

ஐரோப்பியத் தர சோதனையில ஹெல்மெட்டை ஒரு விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்துல, அதாவது மணிக்கு 27 கி.மீ. வேகத்துல, தட்டையான இரும்புப் பட்டறை மேல மோத விடுவாங்க. வேகம் சீரா குறையுதுன்னு வச்சுக்குவோம். வேகத்தின் வர்க்கத்தை, நிற்க எடுத்துக்கிட்ட தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தா எதிர்முடுக்கம் கிடைக்கும். ஹெல்மெட் இல்லாத தலை தார் ரோட்டுல மோதினா, முடியும் தோலும் அமுங்கி 5 மி.மீ.க்குள்ள நிக்குதுன்னு எடுத்துக்கிட்டா, கிட்டத்தட்ட 570 ஜி வருது. அதே வேகம், தெர்மாகோல் 25 மி.மீ. நசுங்கி இடம் கொடுத்தா, 115 ஜி. அந்தச் சோதனையில அனுமதிக்கிற உச்ச அளவே 275 ஜி. இருபது மில்லிமீட்டர் தூரம் கூடுதலா கிடைச்சதுல அடி அஞ்சுல ஒரு பங்கா குறையுது. முழு ஹெல்மெட் சயின்ஸும் இந்த இருபது மில்லிமீட்டர்லதான் இருக்கு.

"மணிக்கு 27 தானா? நான் 80-ல போறேனே, அப்ப ஹெல்மெட் என்ன பண்ணும்?" நியாயமான கேள்வி. 80-ல போய் நேரா சுவத்துல தலையை இடிச்சா எந்த ஹெல்மெட்டும் தாங்காது. ஆனா வழுக்கி விழுறப்ப பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்ல. தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ரோட்டை நோக்கி விழுது, உடம்பு ரோட்டுல தேய்ச்சுக்கிட்டுப் போகுது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுற தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வண்டி நின்ன இடத்துலயே சாஞ்சு விழுந்தாலும் தலை அந்த வேகத்துல தரையைத் தொடலாம். அதனாலதான் "ஊருக்குள்ளதானே, மெதுவாத்தானே போறேன்" என்ற சமாதானம் கணக்குக்கு ஒத்துவராது.

இதை முதல்ல கணக்கெடுத்துச் சொன்னவர்கள்ல ஒருத்தர் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர். 1935 மே மாசம் "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்று உலகம் அறிஞ்ச டி.இ. லாரன்ஸ் பைக் விபத்துல தலையில அடிபட்டு, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். அவரைப் பார்த்த டாக்டர்கள்ல கெய்ன்ஸும் ஒருத்தர். அதுக்கப்புறம் போர்க்காலத்துல பைக் ஓட்டின ராணுவ வீரர்களோட தலைக்காயங்களை ஆராய்ஞ்சு, 1941-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஹெல்மெட்டின் அவசியத்தை எழுதினார். இன்னைக்கு நம்மகிட்ட அதைவிடப் பெரிய கணக்கு இருக்கு. 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல வந்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட் சாவுக்கான வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்குதுன்னு சொல்லுது.

நமக்கு இதுல இன்னொரு விஷயமும் சேர்த்தி. வள்ளியூர்ல தலையில பலமா அடிபட்டா, வடக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, தெற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம். எந்தப் பக்கம் போனாலும் முப்பது, நாப்பது கிலோமீட்டர் ஆம்புலன்ஸ்ல போகணும். நகரத்துப் பையனுக்குக் கிடைக்கிற நேரம் நமக்குக் கிடையாது. அந்த நேரத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க நமக்கு இருக்கிற ஒரே வழி ஹெல்மெட்தான்.

சைஸ்தான் முதல்ல

இப்ப கடைக்குள்ள போவோம். போறதுக்கு முன்னாடி வீட்டுல தையல் டேப் எடுங்க. புருவத்துக்கு ஒரு விரல் மேல, காதுக்கு மேல, பின்மண்டையில புடைச்ச இடம் வழியா ஒரு சுத்து. வர்ற சென்டிமீட்டரை எழுதி வச்சுக்குங்க. ஹெல்மெட் உள்ளே 560, 580, 600 என்று மில்லிமீட்டர்ல சைஸ் போட்டிருக்கும். டேப் அளவு ஆரம்பப் புள்ளி மட்டும்தான். நம்ம தலை வட்டமும் இல்ல, ஒரே மாதிரியும் இல்ல. சிலருக்கு முன்னும் பின்னும் நீளம், சிலருக்கு உருண்டை. ஒரே 580 ஒரு கம்பெனியில உங்களுக்குப் பொருந்தும், இன்னொரு கம்பெனியில நெத்தியை அழுத்தும். அதனாலதான் ஃபிரெண்டுக்கு நல்லா இருந்துச்சுன்னு அதே மாடலை ஆர்டர் போடுறது வேலைக்கு ஆகாது.

போட்டுப் பாக்குறப்ப கவனிக்க வேண்டியவை:

கன்னம் அழுந்தணும். வாயைத் திறந்து மூடுறப்ப கன்னத்தின் உட்புறம் லேசா பல்லுல உரசுற மாதிரி இருந்தா அது சரியான புது ஹெல்மெட். உள்பஞ்சு சில வாரத்துல இளகிடும். கடையிலயே சொகுசா இருக்கிற ஹெல்மெட் ஆறு மாசத்துல தொளதொளன்னு ஆகிடும்.

ஹெல்மெட்டைக் கையால பிடிச்சு இடம் வலம் திருப்புங்க. உள்ளே தலை நிக்க ஹெல்மெட் மட்டும் சுத்தினா சைஸ் பெருசு. நெத்தித் தோலும் சேர்ந்து இழுபட்டா சரி.

பட்டையை மாட்டுங்க. தாடைக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகிற அளவுக்கு இறுக்கம். இப்ப பின்பக்கம் கீழ் விளிம்பைப் பிடிச்சு முன்னாடி தள்ளிக் கழட்டப் பாருங்க. கழன்டு வந்துட்டா விபத்துலயும் அதேதான் நடக்கும். தலையை விட்டு உருண்டு போற ஹெல்மெட் ஐயாயிரம் ரூபாய் ஆனாலும் தேங்காய் ஓடுதான்.

கடைசியா, அதைப் போட்டுக்கிட்டே பத்து நிமிஷம் நில்லுங்க. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல. ஒரே புள்ளியில, குறிப்பா நெத்தி நடுவுல, வலி ஆரம்பிச்சா அந்த மாடல் உங்க தலைக்கு இல்ல. வலிக்கிற ஹெல்மெட்டை ரெண்டாவது வாரம் வீட்டு ஆணியில மாட்டிடுவீங்க.

கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடயே போட்டுப் பாருங்க. நீளமுடி இருக்கிறவங்க, உச்சியில கொண்டை போட்டா ஹெல்மெட் மேல தூக்கிக்கிட்டு நிக்கும். கழுத்துக்கிட்ட தாழ்வா பின்னிக்கிட்டுப் போய் அளவு பாருங்க. முடிக்கு இடம் வேணும்னு ஒரு சைஸ் பெருசா வாங்குறதைத்தான் நம்ம காலேஜ் பொண்ணுங்க ஸ்கூட்டர்ல அதிகமா பாக்க முடியுது. அதைத் தவிர்க்கணும்.

முத்திரையும் விலையும்

சைஸ் முடிஞ்சப்புறம் முத்திரை. இந்தியாவுல பைக் ஹெல்மெட்டுக்கான தரம் ஐ.எஸ். 4151. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு இருக்கு. அந்த முந்நூறு ரூபாய் சரக்கு பெரும்பாலும் விற்கவே கூடாத சரக்கு. ஸ்டிக்கர் ஒட்டுறது யாருக்கும் கஷ்டமில்லங்கிறதால, முத்திரைக்குப் பக்கத்துல சி.எம்./எல் என்று ஆரம்பிக்கிற லைசென்ஸ் எண் இருக்கான்னு பாருங்க. பி.ஐ.எஸ். கேர் என்ற அரசாங்க ஆப்ல அந்த எண்ணைப் போட்டா எந்தக் கம்பெனி, என்ன பொருள், லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு வந்துடும். கடையில நின்னுக்கிட்டே அரை நிமிஷத்துல பாக்கலாம். "டாட்" என்று பெருசா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மயங்க வேண்டாம். அது அமெரிக்க முத்திரை. அங்கயே கம்பெனிக்காரங்க தாங்களா சோதிச்சு தாங்களா ஒட்டிக்கிறதுதான் முறை.

உள்பஞ்சை ஓரத்துல லேசா விலக்கிப் பாருங்க. கெட்டியான தெர்மாகோல் தலை முழுக்கச் சுத்தி வரணும். வெறும் பஞ்சும் துணியுமா இருந்தா, அது பிளாஸ்டிக் சட்டி.

முகம் மூடுற ஃபுல் ஃபேஸா, பாதி மூடுறதா? ஜெர்மனியில டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்துல சிக்கின ஹெல்மெட்கள்ல அடி எங்கெங்க விழுந்திருக்குன்னு கணக்கெடுத்தார். ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு தாடைப் பகுதியில. பாதி ஹெல்மெட் அந்த இடத்தைத் திறந்துவிடுது. புதுசா ஓட்டுறவங்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான் என்பது என் கருத்து. தாடையைத் தூக்கி விடுற மாடல் வசதியா இருக்கலாம். ஆனா கொண்டி சரியா பூட்டுதான்னு பாத்து வாங்குங்க, ஓட்டுறப்ப மூடியே வைங்க.

விலைக்கு வருவோம். ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட் மாதிரி இந்தியக் கம்பெனிகளோட ஐ.எஸ்.ஐ. ஃபுல் ஃபேஸ் ஆயிரத்துச் சொச்சத்துலயே ஆரம்பிக்குது. மூவாயிரம், ஐயாயிரம் கொடுத்தா நல்ல உள்பஞ்சு, நல்ல காத்தோட்டம், கம்மி சத்தம், சில மாடல்கள்ல ஐரோப்பியத் தரச் சான்று எல்லாம் கிடைக்கும். முடிஞ்சவங்க வாங்குங்க. முடியாதவங்க குறைபட்டுக்க வேண்டாம். சரியான சைஸ்ல இருக்கிற ஆயிரத்து இருநூறு ரூபாய் ஹெல்மெட், தொளதொளன்னு இருக்கிற ஐயாயிரம் ரூபாய் ஹெல்மெட்டைவிட உங்க தலைக்கு மேல். ஒரு அபராதத் தொகையை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் மட்டும் வேண்டாம். தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கினா மறுபடி எழும்பாது, வெளியில கீறல்கூட தெரியாது. அண்ணனோட பழைய ஹெல்மெட் எத்தனை தடவை எங்க விழுந்துச்சுன்னு அண்ணனுக்கே ஞாபகம் இருக்காது.

நம்ம ரோட்டுக்கு ஏத்தது

யூடியூப் ரிவ்யூ பெங்களூர்லயும் டெல்லியிலயும் எடுக்கிறது. அவங்களுக்குத் தெரியாத ஒண்ணு நமக்குத் தெரியும்: காத்து. வள்ளியூர்ல இருந்து பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பைக்ல போனவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா புகுந்து வர்ற தென்மேற்குக் காத்துக்காகத்தான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நிக்குது. அத்தனை மெகாவாட் தர்ற காத்து உங்க ஹெல்மெட்டை மட்டும் விட்டு வைக்குமா? ஒரு பஸ்ஸை ஓவர்டேக் பண்றப்ப பஸ் மறைவுல அமைதியா இருக்கும். பஸ்ஸோட மூக்கைத் தாண்டின நொடியில பக்கவாட்டுல ஒரு அறை விழும். தொளதொள ஹெல்மெட் அப்ப கண்ணை மறைக்கிற அளவுக்குத் திரும்பும். அந்த ஒரு நொடி போதும்.

அதனால இந்தப் பக்கத்துக்கு ரெண்டு யோசனை. ஒண்ணு, நெத்தியில கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ஆஃப்ரோடு மாடல் பாக்க அழகு, காத்துல அது பாய்மரம். தினமும் நாலுவழிச்சாலையில போறவங்களுக்கு வேண்டாம். ரெண்டு, கனம் குறைஞ்சதா பாருங்க. எடை கூடினா பாதுகாப்பு கூடும்னு ஒண்ணும் இல்ல. காத்துல கழுத்து வலிதான் கூடும்.

அடுத்தது ராத்திரி. ராதாபுரம் ரோட்டுலயோ திசையன்விளை ரோட்டுலயோ ஏழு மணிக்கு மேல பல இடத்துல வெளிச்சம் உங்க ஹெட்லைட் மட்டும்தான். கறுப்பு வைசர், மெர்க்குரி வைசர் போட்டுக்கிட்டு அந்த ரோட்டுல போறது கண்ணைக் கட்டிக்கிட்டுப் போறது மாதிரி. புதுசா ஓட்டுறவங்க நிறமில்லாத வைசரே வாங்குங்க. அது கீறல் விழுந்தா எதிர்ல வர்ற லைட் சிலந்தி வலை மாதிரி சிதறும். வைசர் மட்டும் தனியா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மாத்திடுங்க.

வெயில்? இதை நான் லேசா சொல்லித் தள்ள மாட்டேன். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு ஹெல்மெட்டுக்குள்ள தலை வேகத்தான் செய்யும். அதனாலதான் காத்துத் துவாரம் இருக்கா, அது உள்ளே தெர்மாகோல் வழியா நிஜமா போகுதான்னு பாக்கணும். சில மாடல்கள்ல துவாரம் வெறும் அலங்காரம். உள்பஞ்சு கழட்டித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். தலையில மெல்லிசா ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டிக்கிட்டா வேர்வையும் நாத்தமும் பாதி குறையும். முடி கொட்டும் என்று சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லலாம்: முடி கொட்டினா கவலைப்படுறதுக்கும் ஒரு தலை பத்திரமா இருக்கணும்ல.

பின்னாடி இருக்கிற தலை

2022-ல இந்தியாவுல ஹெல்மெட் போடாம விபத்துல இறந்தவங்க 50,029 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்லுது. அதுல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்திருந்தவங்க. அந்த வருஷம் நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள்.

அந்தப் பதினாலாயிரம் பேர் யாரு? நம்ம வழக்கத்தை வச்சு யோசிங்க. கல்யாண வீட்டுக்கு நாம ஏத்திக்கிட்டுப் போற அம்மா. பஸ் விட்டுட்டு லிஃப்ட் கேக்குற கிளாஸ்மேட். பரீட்சைக்கு நேரமாச்சுன்னு ஏறின தங்கச்சி. ஓட்டுறவனுக்காவது முன்னாடி இருக்கிற குழி தெரியும், பிரேக்கை எப்ப பிடிக்கப் போறோம்னு தெரியும். பின்னாடி ஒருக்களிச்சு உட்கார்ந்து கையில பையும் பிடிச்சிருக்கிறவங்களுக்கு அதுவும் தெரியாது. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆகவே ஹெல்மெட் பட்ஜெட் என்பது ரெண்டு ஹெல்மெட்டுக்கான பட்ஜெட். ரெண்டாவதையும் யார் அதிகமா பின்னாடி ஏறுவாங்களோ அவங்க தலைக்கு அளவு பாத்து வாங்குங்க. அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. "எனக்கெதுக்குய்யா"ன்னுதான் சொல்வாங்க. கூட்டிட்டுப் போங்க.

காலேஜுக்கும் ஒரு வார்த்தை

நல்ல ஹெல்மெட் வாங்காததுக்கு நம்ம பசங்க சொல்ற காரணம் ஒண்ணு இருக்கு, அதை நான் ஒத்துக்கிறேன். "நல்லதா வாங்கினா பார்க்கிங்ல எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான், மக்கா." உண்மைதான். கேட்ல ஹெல்மெட் இல்லாம உள்ளே விட மாட்டாங்க. ஆனா உள்ளே வந்தப்புறம் அதை எங்க வைக்கிறது? கிளாஸுக்குத் தூக்கிட்டுப் போக இடமில்ல. வண்டியில மாட்டினா வெயில்ல காயும், இல்லன்னா காணாம போகும். கண்ணாடித் தண்டுல கவிழ்த்து வச்சா உள்ளே தெர்மாகோல்ல குழி விழும். இந்த நிலையில முந்நூறு ரூபாய் ஹெல்மெட் வாங்குறவனை முட்டாள்னு சொல்ல முடியாது. திருடு போனா போகட்டும்னு கணக்குப் போட்டுத்தான் வாங்குறான்.

எந்தக் காலேஜா இருந்தாலும் இது பெரிய செலவு இல்ல. பார்க்கிங் கொட்டகை ஓரத்துல எண் போட்ட ஒரு இரும்பு ஸ்டாண்ட், வாட்ச்மேன் அண்ணாச்சி கண்ணுல படுற இடத்துல. மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்ல வெல்டிங் கத்துக்கிறப்ப நாம அடிச்சுத் தூக்கிப் போடுற இரும்புலயே பாதி ஸ்டாண்ட் செய்யலாம். அதோட ஆகஸ்ட்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க வர்றப்ப ஓரியண்டேஷன்ல ஒரு அரை மணி நேரம், ஒரு தையல் டேப், நாலு சைஸ்ல நாலு ஹெல்மெட். சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு உறுதிமொழி எடுத்து போட்டோ பிடிக்கிறதை விட, ஒவ்வொருத்தனுக்கும் தன் தலை எத்தனை சென்டிமீட்டர்னு தெரிஞ்சு வீட்டுக்குப் போறது பயன். நாங்க சீனியர்ஸ் சில பேர் டேப் பிடிக்கத் தயாரா இருக்கோம். நிர்வாகம் ஸ்டாண்டை மட்டும் போட்டுத் தரட்டும்.

அதுக்கு முன்னாடியே, இந்த வாரக் கடைசியில நீங்க பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. வண்டி வாங்கப் போறவங்க, அப்பாகிட்ட சொல்ற தொகையில ரெண்டு ஹெல்மெட்டையும் சேர்த்துச் சொல்லுங்க. "ஆன்ரோடு விலை" என்று சொல்லும்போதே அதுக்குள்ள இருக்கட்டும். ஏற்கெனவே வண்டி வச்சிருக்கிறவங்க, இப்ப இருக்கிற ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டையை மாட்டி, பின்னாடி பிடிச்சு முன்னாடி தள்ளிப் பாருங்க. கழன்டு வந்துச்சுன்னா சனிக்கிழமை திருநெல்வேலி ஜங்ஷனுக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறுங்க. பஸ்லதான் போகணும், புது ஹெல்மெட் வர்ற வரைக்கும் வண்டி வீட்டுலயே நிக்கட்டும்.